அத்தை பிடுங்கிய கொடிகள்

கீழே கிடக்கும் எதையும் அத்தையால் தாண்டிப் போக முடியாது. ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவு மேற்பார்வை அவளுடையது. ஒரு பக்கம் ஆள் உயர இயந்திரங்கள் கடகடவென்று உருளும். மறு பக்கம் இஸ்திரி மேஜையிலிருந்து ஆவி பறக்கும். நடுவில் தள்ளுவண்டி தள்ளுவண்டியாகப் போர்வையும் தலையணை உறையும் டாக்டர்களின் பச்சை அங்கியும் வந்து குவியும். அந்த அறையின் தரையில் ஒற்றைக் காலுறை கிடந்தாலும் சரி, குனிந்து எடுத்த பிறகுதான் அவளுக்கு மறு வேலை. தெருவிலும் இதே கதைதான். யாரோ போட்ட காகிதக் கப்பை எடுத்துத் தொட்டியில் போடப் போய்க் கண்ணெதிரே பஸ்ஸைத் தவறவிட்டவள் அவள். மகள் தலையில் அடித்துக்கொள்வாள். அத்தை காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

யாருக்கு அத்தை என்று கேட்டால், மாப்பிள்ளைக்கு. அவர் அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, பாலைவன ஓட்டத்துக்கு வருகிற கூட்டம் மொத்தமும் அவளை அத்தை என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டது. அவளை விட மூத்தவர்கள் கூட.

ஓட்டத்துக்கு அவளைக் கொண்டுவந்தவரும் மாப்பிள்ளைதான். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரு முறை ஆஸ்பத்திரி லிஃப்ட் மக்கர் பண்ணியபோது பழுதுபார்க்க வந்தவர், மாமியார் துணி மூட்டையோடு மாடி மாடியாக ஏறி இறங்குவதைப் பார்த்தார். இறங்கி வந்தவளுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு எதுவும் இல்லை. ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு வாய் பிளந்து நின்றவர், அடுத்த வாரமே ஓடுவதற்கென்று ஒரு ஜோடி ஷூ வாங்கி மகள் கையில் கொடுத்து அனுப்பினார். நேரில் கொடுக்கக் கூச்சம். அத்தைக்கும் நேரில் வாங்கக் கூச்சம்தான். இரண்டு பேருக்கும் ஒருவர் மேல் ஒருவருக்கு அவ்வளவு மரியாதை. ஒரே வரவேற்பறையில் இருந்தாலும் ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் ஜன்னல் பக்கம் போய் நிற்பார். இந்த மரியாதைதான் பின்னால் வினையாக வந்து சேர்ந்தது.

ஓட்டம் வருஷத்துக்கு ஒரு முறை, குளிர் காலத்தில், பாலைவனத்துக்குள். அது காவல் போட்ட நிலம். மற்ற நாளில் ஈ காக்கை நுழைய முடியாது. வழியை அமைத்துக் கொடி நடுவது மாப்பிள்ளையின் பொறுப்பு. பாதை எப்படிப் போகிறது என்று யார் கேட்டாலும் அவர் ஒரு கரண்டியைக் காட்டுவார். காம்பு வழியே மலை ஏற வேண்டும், குழியைச் சுற்றி வர வேண்டும், திரும்ப அதே காம்பு வழியே கூடாரத்துக்கு இறங்க வேண்டும். காம்பு என்பது முழுக்க மொட்டைப் பாறை. குழியின் விளிம்பில் பள்ளத்தாக்கு, அதைத் தாண்டினால் உப்புத் தரை, உப்புத் தரைக்கு அப்பால் மலையையே குடைந்த மாதிரி ஒரு குடைவு.

அந்தக் குடைவுதான் அத்தையின் தூக்கத்தைக் கெடுத்தது. இரண்டு வருஷம் ஓடியும் அவள் அதைப் பார்த்ததில்லை. உப்புத் தரையில் தண்ணீர் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பவர்கள், கெடு நேரம் தாண்டி வருகிறவர்களை அங்கேயே நிறுத்தி ஜீப்பில் ஏற்றிவிடுவார்கள். அதற்கு மேல் ஜீப் போகாது, கால்தான் போகும். இரண்டு முறையும் அத்தை ஜீப்பில் திரும்பினாள். போய்ப் பார்த்து வந்தவர்களைக் கேட்டால் யாரும் ஒழுங்காகப் பதில் சொல்வதில்லை. கூட்டத்திலேயே வேகமான ஆள் பள்ளிக்கூட பஸ் டிரைவர். வாயைத் திறந்தால் மூட மாட்டார், கூடாரத்து டீயில் தொடங்கி டயர் விலை வரை குறை சொல்லித் தீர்ப்பார். அவரும் குடைவு என்றதும் தலையைச் சொறிந்துகொண்டு, "அது சொல்ற மாதிரி இல்லைம்மா, போய் நிக்கணும்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். அத்தைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இந்த முறை இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொண்டது. ஆஸ்பத்திரியின் எலும்பு டாக்டர் அவள் முழங்காலின் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மலை ஏறுவதெல்லாம் இந்த வருஷத்தோடு சரி என்று கறாராகச் சொல்லிவிட்டார். ஆக, பார்த்தால் இப்போது பார்க்க வேண்டும். விட்டால் விட்டதுதான்.

கடைசியாக ஓடுகிறவரின் பின்னால் ஓர் ஆள் வர வேண்டும் என்பது விதி. அவரை ஓட்டக்காரர்கள் 'வால்' என்பார்கள். வால் கடைசி ஆளை விட்டு எங்கும் நகரக் கூடாது. போகிற போக்கில் கொடிகளைப் பிடுங்கிக்கொண்டே வரவும் வேண்டும். அந்த நிலத்தில் ஒரு துணுக்குத் துணி மிஞ்சினாலும் அடுத்த வருஷம் அனுமதி கிடையாது. இந்த வருஷம் மாப்பிள்ளைதான் வால். கடைசி ஆள் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

விடியற்காலையில் எல்லோரும் கிளம்பினார்கள். பாறையின் முதல் திருப்பத்திலேயே அத்தையைத் தவிர மற்ற எல்லோரும் கண்ணில் இருந்து மறைந்தார்கள். வேகமானவர்களின் முதுகைத் தவிர வேறெதையும் அவள் எந்த வருஷமும் பார்த்ததில்லை. மாப்பிள்ளை பின்னால் வந்தார். ஆனால் வால் வர வேண்டிய நெருக்கத்தில் வரவில்லை. மாமியார் மூச்சு வாங்குவாள், முடியை அள்ளிச் செருகுவாள், நடுவில் அப்படியே காலை நீட்டி உட்காருவாள், அதையெல்லாம் மருமகன் பார்த்துக்கொண்டு நிற்பது நன்றாகவா இருக்கும்? இரண்டு திருப்பம் தள்ளியே வந்தார்.

மேலே இருந்து திரும்பிப் பார்த்த அத்தைக்கு, அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏறுவது தெரிந்தது. அந்த வாரம்தான் லிஃப்ட் மோட்டாரைத் தூக்கப் போய் இடுப்பு பிடித்துக்கொண்டதாக மகள் சொல்லியிருந்தாள். அத்தை தன் காலடியைப் பார்த்தாள். பாறை வெடிப்பில் செருகிய கம்பியில் ஓர் ஆரஞ்சுக் கொடி. நூறடிக்கு ஒன்று என்று மலை நெடுக நின்றன. இத்தனை கொடிக்கும் அந்த மனுஷன் குனிய வேண்டுமே என்று நினைத்ததும் அவள் மனசு கேட்கவில்லை.

பிடுங்கினாள். துணியைக் கம்பியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். அடுத்ததையும் பிடுங்கினாள். எல்லோரும்தான் முன்னால் போயாயிற்று, ஓட்டத்துக்கும் இடைஞ்சல் இல்லை, அவருக்கும் உபகாரம். மாப்பிள்ளையோ வழியை மனப்பாடமாக அறிந்தவர். இடுப்பு வலியில் தலையைத் தூக்காமல் அடுத்த அடியை மட்டும் பார்த்து ஏறிக்கொண்டிருந்தார். கொடி இருக்கிறதா இல்லையா என்று அவர் பார்க்கவே இல்லை.

காம்பு முடிந்து குழி தொடங்கும் முகட்டில் அத்தை அவருக்காகக் காத்திருந்தாள். அங்கிருந்து இடது பக்கம் இறங்க வேண்டும், சுற்றி முடித்து வலது பக்கமாக அதே முகட்டுக்கு ஏறி வர வேண்டும். நேரம் நன்றாகவே கைவசம் இருந்தது. இந்த முறை உப்புத் தரையைத் தாண்டிவிடுவோம் என்று அவளுக்கே நம்பிக்கை வந்திருந்தது. மாப்பிள்ளை வந்ததும் பையைத் திறந்து காட்டினாள்.

"உங்க வேலையில பாதி முடிஞ்சுது மாப்பிள்ளை. நீங்க குனியவே வேண்டாம்."

மாப்பிள்ளையின் முகம் வெளிறிப் போனது. அவளைப் பார்த்தார், பையைப் பார்த்தார், வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார்.

"அத்தை, காம்புல இருக்கற கொடி திரும்பி வர்றவங்களுக்கும் வேணும்."

அவ்வளவுதான் சொன்னார். அத்தை பைக்குள் கிடந்த கொடிகளைப் பார்த்தாள்.

மீதியை அவர் தடுமாறித் தடுமாறிச் சொன்னார். பாதி இறக்கத்தில் பாறை இரண்டாகப் பிரிகிறது. ஏறும்போது அது கண்ணில் படாது, இறங்கும்போதுதான் தெரியும். இடது பக்கம் மேடும் பள்ளமுமாகக் கூடாரத்துக்குப் போகிறது. வலது பக்கம் அகலமாக, வழவழவென்று, வா வா என்று கூப்பிடுகிற மாதிரி இறங்கிப் போய், ஒரு வளைவுக்குப் பிறகு அதலபாதாளத்தில் முடிகிறது. வெறும் பாறையில் காலடித் தடமும் கிடையாது. கொடி நடும்போது அவரே ஒரு தடவை அந்தப் பக்கம் போய் விளிம்பில் நின்றிருக்கிறார். முன்னால் ஓடுகிறவர்கள் குழியைச் சுற்றி முடிக்கப் போகிற நேரம். களைத்துப் போய், தலையைத் தொங்கப் போட்டு, இறக்கம்தானே என்று கால் போன போக்கில் வருவார்கள்.

வாக்கி-டாக்கியை எடுத்துக் கூப்பிட்டுப் பார்த்தார். பாறை மறைவில் அது கரகரத்ததே தவிர யாரும் பதில் பேசவில்லை. நீங்கள் போங்கள், நான் எப்படியாவது பார்த்துக்கொள்கிறேன் என்றார். எப்படிப் பார்த்துக்கொள்வார்? கடைசி ஆளைத் தனியாக விட்டுவிட்டு வால் திரும்பிப் போக முடியாது. அவள் முன்னால் போனால் அவரும் கூடப் போயாக வேண்டும். கொடியை நட ஆள் இருக்காது.

உண்மையைச் சொல்ல வேண்டும். அத்தை உடனே திரும்பிவிடவில்லை. இடது பக்கப் பள்ளத்தாக்கைப் பார்த்தாள். காலை வெயிலில் சிவப்பும் மஞ்சளுமாகப் பாறை அடுக்குகள் இறங்கிப் போயின. அதற்கு அப்பால் வெள்ளைக் கோடாக உப்புத் தரை. யாரும் தவறிப் போகாமலும் இருக்கலாமே, எல்லோரும் பல வருஷம் ஓடியவர்கள்தானே என்று அவள் மனசு நைசாகப் பேச்சுக் கொடுத்தது. ஒரு கணம் அதற்குக் காதும் கொடுத்தாள். பிறகு தன் மேலேயே கோபம் வந்து பைக்குள் இருந்த கொடிகளை எல்லாம் அள்ளி அவர் கையில் திணித்தாள்.

"நான் ஓடிப் போய் அந்தப் பிரிவுல நிக்கறேன். நீங்க மேலேர்ந்து ஒவ்வொண்ணா குத்திக்கிட்டு வாங்க."

"உங்க ஓட்டம், அத்தை..."

"வாங்கன்னா வாங்க."

இறங்கினாள். முழங்கால் என்ன சொன்னது என்று அவள் கேட்கவில்லை. பிரிவுக்கு வந்ததும் வலது பக்கத்தை மறித்துக் கையை விரித்து நின்றாள். அங்கே நின்று மூச்சை வாங்கி நிமிர்ந்தபோதுதான் எதிரே இருப்பது கண்ணில் பட்டது.

மேலே அந்த முகடு முழுசாகத் தெரிந்தது. வானத்தில் மேகம் என்று சொல்ல ஒரு திட்டுக் கூட இல்லை. நீலம் அவ்வளவு ஆழமாக இருந்ததில் அவளுக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது. இத்தனை பெரிய இடத்தில் ஒரு சத்தமும் இல்லை. சலவை இயந்திரங்களின் இரைச்சல் இல்லாமல் தன் காது இப்படிச் சும்மா இருந்து அவளுக்கு நினைவே இல்லை. அந்த அமைதிக்குள் முகட்டின் மேல் ஒரு புள்ளி ஏறியது. ஏறிய புள்ளி நிற்காமல் இறங்கத் தொடங்கியது.

பஸ் டிரைவர்தான். ஆனால் கூடாரத்தில் டீயைக் குறை சொல்லும் பஸ் டிரைவர் இல்லை. வேகமாக ஓடுகிறவர்கள் பல்லைக் கடித்து உடம்பை விரட்டி ஓடுவார்கள் என்று அத்தை நினைத்திருந்தாள். அவர் எதையும் விரட்டவில்லை. பாறை எங்கே சரிகிறதோ அங்கே தன்னை விட்டார், எங்கே தூக்குகிறதோ அங்கே எழுந்தார். காலை வைத்தாரா எடுத்தாரா என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. தொப்பை இருக்கிற மனுஷன், நரைத்த மீசை. முகமோ தொட்டிலில் சிரிக்கும் குழந்தையின் முகம். அத்தை கையை நீட்டி இடது பக்கத்தைக் காட்டினாள். வேகம் குறையாமல் அந்தக் கை சொன்ன பக்கம் திரும்பிப் போனார். அவர் கடந்த காற்று அவள் புடைத்த நரம்புகளில் பட்டு, கை மயிர் சிலிர்த்தது. மனுஷ உடம்பால் இப்படியும் முடியுமா என்று அவள் வாய்விட்டே சொன்னாள்.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். பல் டாக்டரம்மா ஒருத்தி தனக்குத் தானே சிரித்துக்கொண்டு ஓடி வந்தாள். முழங்காலில் ரத்தம் வழிய ஒருவர் வந்தார், வலி தெரிந்த மாதிரியே இல்லை. இரண்டு பேர் கண்ணீரோடு வந்தார்கள், அது துக்கம் இல்லை என்று பார்த்தாலே தெரிந்தது. அத்தனை பேரும் அந்தக் குடைவைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள். அத்தைக்குப் பொறாமை இருந்தது, இல்லாமல் என்ன? இருந்தாலும் அவர்கள் ஓடி வந்த அழகில் அது அவ்வப்போது மறந்து போனது. ஒவ்வொருவருக்கும் கையை நீட்டினாள். ஓட்டத்தை நடத்துகிறவர்கள்தான் அவளை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள் என்று நினைத்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

மருந்துக்கடைக்காரர் மட்டும் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல், அவள் விரித்த கைக்குக் கீழேயே புகுந்து வலது பக்கம் போய்விட்டார். அத்தை கத்தினாள். வரிசையாக இயந்திரங்கள் ஓடும் அறையில் பேசிப் பழகிய தொண்டை அது. பாறை நாலு பக்கமும் அந்தக் குரலைத் திருப்பிச் சொன்னது. மருந்துக்கடைக்காரர் வளைவில் நின்றுவிட்டார். நின்ற இடத்திலிருந்து எட்டிப் பார்த்தவர், மெதுவாகப் பின்னால் நடந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, பிறகு இடது பக்கம் இறங்கிப் போனார்.

எல்லோரும் போன பிறகு மாப்பிள்ளை கடைசிக் கொடியை நட்டுவிட்டு வந்தார். முகடு காலியாகக் கிடந்தது. உப்புத் தரையின் கெடு எப்போதோ தாண்டியிருந்தது. அத்தை பாறையில் உட்கார்ந்து அழுதாள். மாப்பிள்ளைக்கு முன்னால் அழக் கூடாது என்றெல்லாம் அப்போது தோன்றவில்லை.

"தப்பு என் மேலதான் அத்தை," என்றார் அவர். "பக்கத்துல வந்திருந்தா முதல் கொடியிலயே பாத்திருப்பேன்."

அந்த இடத்தில் வாக்கி-டாக்கி வேலை செய்தது. அவர் தள்ளிப் போய்க் கூடாரத்தோடு என்னவோ பேசினார். திரும்பி வந்து, அவள் பக்கத்தில் நின்றுகொண்டு, ஒரு விஷயம் சொன்னார். குழியைச் சுற்றி நட்ட கொடிகள் அத்தனையும் இன்னும் அங்கேதான் நிற்கின்றன. இன்றைக்குள் எடுத்தாக வேண்டும். தண்ணீர் இருக்கிறது, நெற்றி விளக்கு இருக்கிறது, கூடாரத்தில் சரி என்று சொல்லிவிட்டார்கள்.

"என்னால குனிய முடியல அத்தை. கூட வர்றீங்களா?"

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். எனக்காகச் சொல்கிறீர்களா என்று கேட்டாள். நிஜமாகவே முடியவில்லை என்றார். அவர் நின்ற நிலையே அதைச் சொன்னது.

போனார்கள். ஓட்டம் முடிந்துவிட்டதால் ஓடவில்லை, நடந்தார்கள். இந்த முறை அவர் இரண்டு திருப்பம் பின்னால் வரவில்லை. அவள் பிடுங்கிக் கொடுத்தாள், அவர் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். பள்ளத்தாக்கின் சுவர்கள் போகப் போக நெருங்கி வந்து, வானம் ஒரு முழம் அகலத் துணியாகத் தலைக்கு மேல் ஓடியது. உப்புத் தரையில் தண்ணீர் மேஜையைக் காணோம். மடக்கி ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். திரும்பிப் போ என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. கால் வைக்கிற இடமெல்லாம் நொறுநொறுவென்று உப்பு உடைந்தது. அத்தையின் முழங்கால் வலித்தது.

குடைவுக்குள் அவர்கள் நுழைந்தபோது சூரியன் மேற்கே ஒரு பாறை இடுக்கின் மட்டத்துக்கு இறங்கியிருந்தது. மலை ஒன்றை உள்ளங்கை மாதிரிக் குவித்து வைத்த இடம். உள்ளே அவர்கள் ஊரின் ஆஸ்பத்திரிக் கட்டடத்தை அப்படியே வைக்கலாம், மேலே இன்னும் இடம் மிஞ்சும். அத்தை மூச்சு விட்டாள். அந்த மூச்சு சுவரில் போய்ப் பட்டு, யாரோ பெரிய ஆள் ஒருவர் பக்கத்தில் நின்று மூச்சு விடுகிற மாதிரித் திரும்பி வந்தது. பார்த்து வந்தவர்கள் யாராலும் இதைச் சொல்ல முடியாமல் போனது ஏன் என்று புரிந்தது.

அப்போது வெயில் இடுக்கின் வழியே உள்ளே வந்தது. தாழ்வாக, பக்கவாட்டில், சுவரைத் தடவிக்கொண்டு வந்தது. வழவழவென்று இருந்த சுவரில் ஒவ்வொன்றாக ஏதேதோ எழும்பின. நகம் அளவில், உள்ளங்கை அளவில், விசிறி விசிறியாக, சுருள் சுருளாக. அத்தை கிட்டே போய்த் தொட்டாள். சிப்பி. கல்லாகிப் போன சிப்பி. தலைக்கு மேல் கண்ணுக்கு எட்டிய உயரம் வரைக்கும் சிப்பிகள், ஒவ்வொன்றும் தன் நிழலைத் தனக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

"கடலா இது?" என்று கேட்டாள்.

மாப்பிள்ளை வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றிருந்தார்.

"காலையில இது வெறும் சுவர் அத்தை. வருஷா வருஷம் கொடி நட வந்திருக்கேன். சாயங்காலம் வந்ததே இல்ல. இதை நான் பாத்ததே இல்ல."

யாருமே பார்த்ததில்லை. ஓடுகிறவர்கள் எல்லோரும் காலையிலேயே வந்து காலையிலேயே போய்விடுகிறவர்கள். அத்தை கீழே பார்த்தாள். அவர்கள் நின்றிருந்த மணலில் அலை போட்ட கோடுகள் கல்லாக இறுகி, வரி வரியாகச் சுவர் வரை போயின. அவர்கள் தலைக்கு மேல் ஒரு காலத்தில் தண்ணீர் நின்றிருக்கிறது. மீன் போயிருக்கிறது. வந்துவிட்டேன் என்று நினைத்தாள், பார்த்துவிட்டேன் என்று நினைத்தாள், அதற்கு மேல் நினைக்க வரவில்லை.

ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தாள். அதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. மாப்பிள்ளையும் கழற்றப் பார்த்தார். குனியப் பார்த்து, முடியாமல், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். அத்தை அவர் காலடியில் முழங்காலை ஊன்றி உட்கார்ந்து அவருடைய ஷூ நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

"ஐயோ அத்தை, வேண்டாம்," என்று அவர் பதறிக் காலை இழுத்துக்கொண்டார்.

"ஆடாம நில்லுங்க," என்றாள்.

நின்றார். நாடாவில் உப்பும் மண்ணும் ஏறி முடிச்சு இறுகியிருந்தது. வெயில் சுவரில் மேலே மேலே ஏறி, கீழ் வரிசைச் சிப்பிகள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன. அவள் அவசரப்படாமல் அவிழ்த்து, ஒரு காலைத் தூக்கச் சொல்லி உருவி, மறு காலையும் உருவி, இரண்டு ஜோடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பிறகு அவர் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கடைசி வெளிச்சம் உச்சிக்கு ஏறிப் போகும் வரை இருவரும் வெறுங்காலோடு நின்றார்கள். கால்களுக்கு அடியில் அந்தத் தரை இன்னும் சூடாக இருந்தது.